துப்பாக்கிக் குழலில் விளைந்த சலவைக்கல்



காளவாயில் இட்ட சுண்ணாம்புக்கல் என்னவாகும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். கல்லினுள் அடங்கிய கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்ட சுண்ணாம்பே எஞ்சும். அவ்வாறாயின், மலையின் ஆழத்தில் வெந்த அதே கல் சுண்ணாம்பாகாமல் சலவைக்கல் ஆவது எங்ஙனம்? இவ்வினா ஸ்காட்லாந்து நாட்டு அறிஞரிடையே ஒரு காலத்தில் பெரும் வழக்காக இருந்தது.

எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் ஹட்டன் என்பார் 1785ஆம் ஆண்டில் தம் கொள்கையை வெளியிட்டார். கடலடியில் படிந்த மணலும் சேறும் பூமியின் உள்வெப்பத்தால் இறுகிப் பாறையாகிப் பின்னர் உயர்ந்தன என்பது அவர் துணிபு. மேலிருந்து அழுத்தும் பெருஞ்சுமை வாயுவை வெளியேற விடாது. ஆதலின் கல் சுண்ணாம்பாவதில்லை என்றும் அவர் விளக்கினார். ஆயினும் சிறிய உலையில் ஊதிப் பார்த்து இயற்கையின் பெருஞ்செயலை அளத்தல் இயலாது என்று கருதி, சோதனையை அவர் விரும்பினாரில்லை.

அவருடைய இளைய நண்பர் ஜேம்ஸ் ஹால் சோதித்துப் பார்க்க விழைந்தார்; எனினும், பெரியவர் மீது கொண்ட மதிப்பினால் அவர் வாழ்நாள் முழுதும் பொறுத்திருந்தார். ஹட்டன் 1797இல் மறைந்தார். மறு ஆண்டே ஹால் தொடங்கினார். சுண்ணக்கட்டித் தூளைத் துப்பாக்கிக் குழலில் இட்டு, வாயு கசியாதவாறு அடைத்து, உலையில் காய்ச்சினார். குழல்கள் பல வெடித்தன. அவர் தளரவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளின் முடிவை 1805இல் அறிவித்தார். வாயு வெளியேறாத குழல்களில் தூளானது சலவைக்கல் போன்ற கெட்டியான கல்லாகியிருந்தது!

வெப்பத்தோடு அழுத்தமும் சேர்ந்தே கல்லை மாற்றுகிறது என்பது புலனாயிற்று. இத்தகைய கற்களுக்கு 'உருமாறிய பாறை' எனப் பொருள்படும் பெயரை லயல் என்னும் அறிஞர் 1833இல் வழங்கினார். பின்னர் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்தின் மலைநாட்டை நடந்து ஆராய்ந்து, 1893இலும் 1912இலும் கட்டுரைகள் வெளியிட்டார். ஆதியில் வெறுஞ் சேறாயிருந்த பாறைகளில், வெப்பம் மிக மிக, கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் எனக் கனிமங்கள் முறையே தோன்றுதலை அவர் கண்டார். இவற்றுள் கடைசி இரண்டும் ஒரே சேர்க்கையுடையன; மிகுந்த அழுத்தத்தில் விளைவது கயனைட், மேலும் வெப்பம் ஏறின் விளைவது சில்லிமனைட். ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகட்கு முன் அம்மலைகளின் அடியில் நிகழ்ந்தவற்றிற்கு இக்கனிமங்களே இன்றும் சான்று.

ஆசிரியத் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு இவ்வரலாற்றில் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. ஹாலின் அடக்கம் போற்றத் தக்கதே. ஆனால், தம் கொள்கை மெய்யென்று காட்டிய அந்தக் கல்லை ஹட்டன் கண்ணாற் காணவில்லை. இளையோரின் ஐயத்திற்கு இடங்கொடாதபொழுது இழப்பவர் பெரியோரே அல்லரோ?