நோயெதிர்ப்பு அணு வளர்ச்சியின் மேல்மரபியல் ஒழுங்காற்றம்

டி.என்.ஏ. வரிசை மாறாமல், மெத்தில் குழு ஏற்றம், ஹிஸ்டோன் புரத மாற்றம் ஆகியவற்றால் மரபணுக்களைத் தூண்டியும் அடக்கியும், எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களிலிருந்து பல்வகை வெள்ளணுக்கள் உருவாவதை நெறிப்படுத்தும் செயல்முறை. நோயெதிர்ப்பு நினைவு நிணநீர் அணுக்களுக்கே உரியது என்ற பழைய கருத்தை இது திருத்துகிறது. இந்தியா முழுவதும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படும் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியே இதற்குத் தக்க சான்று. அது மோனோசைட்டுகள் எனும் வெள்ளணுக்களின் ஹிஸ்டோன்களில் குறிகளை ஏற்றி, தொடர்பற்ற கிருமிகளுக்கும் வலுவாக எதிர்வினையாற்றப் பழக்குவதை (மேல்மரபியல் பயிற்சி) 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர்.

சில நாளே வாழும் மோனோசைட்டில் பல மாத நினைவு எப்படி நிலைக்கும் என்பது முதன்மையான மறுப்பு. பி.சி.ஜி. குருத்தணுக்களையே மாற்றியமைப்பதை எலிகளில் 2018-இலும் மனிதரில் 2020-இலும் வெளியான ஆய்வுகள் காட்டியதால், அம்மறுப்பு வலுவிழந்தது. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டுப் பெருஞ்சோதனையில் வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது மற்றொரு மறுப்பு. ஆனால் அச்சோதனை அளந்தது காசநோய்க் காப்பையே. பிற தொற்றுகளுக்கான பொதுக் காப்பை அன்று. அப்பொதுக் காப்பை ஆராய்ந்தபோது, எடை குறைந்த குழந்தைகளின் இறப்பை ரஷ்ய வகை பி.சி.ஜி. குறைக்கவில்லை எனப் புதுச்சேரி, சென்னை ஆய்வுகள் கண்டன. டேனிஷ் வகையைப் பயன்படுத்திய கினி-பிசாவ் ஆய்வுகளிலோ இறப்பு குறைந்தது. எனவே மேல்மரபியல் பயிற்சி நிகழ்வது உறுதி. அதன் மருத்துவப் பயனைத் தடுப்பூசி வகையும் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன எனக் கொள்வதே பொருத்தம்.