காந்தம் காட்டாத உலோகம்: வடசென்னையின் மாலிப்டினக் கணக்கு

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் எவர்சில்வர் தகட்டை எடைபோடும் முன் காந்தம் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் தரம் என்பார்கள். இந்தச் சோதனை பாதிதான் சரி. குரோமியம் மட்டும் கலந்த 400 வரிசை எஃகு காந்தத்தில் ஒட்டும். நிக்கலும் சேர்ந்த 304 ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய 202உம் ஒட்டாது. கடலோரத்துக்கென்றே செய்யப்படும் 316உம் ஒட்டாது. போதாக்குறைக்கு, அழுத்தி வளைத்த நல்ல 304 தொட்டியின் மூலையில் காந்தம் லேசாக இழுக்கவும் செய்யும். 304க்கும் 316க்கும் இடையிலுள்ள முக்கிய வேறுபாடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம். அது கண்ணுக்கும் தெரியாது, காந்தத்துக்கும் தெரியாது.

இந்தியாவின் மாலிப்டினத் தேவையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பாறைகளைச் சுற்றியே நடக்கிறது. அதைவிட அடர்த்தியான மாலிப்டின மூலம் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான தொழிற்பட்டையின் கழிவிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

உலோகத்தின் இயல்பிலிருந்து தொடங்குவோம். மாலிப்டினத்தின் அணு எண் 42; உருகுநிலை சுமார் 2,620 பாகை செல்சியஸ், அதாவது இரும்பைவிட ஆயிரம் பாகைக்கும் மேல். சூட்டில் அது விரிவது சாதாரண எஃகு விரிவதில் பாதிகூட இல்லை. ஆயினும் தூய மாலிப்டினத்தைத் திறந்த காற்றில் பழுக்கக் காய்ச்சினால் அதன் ஆக்சைடு ஆவியாகிப் பறந்து உலோகம் கரைந்துகொண்டே போகும். எனவே வெற்றிட உலை போன்ற சில இடங்களைத் தவிர, இது தனித்து நின்று பெயர் வாங்கும் உலோகமன்று. உலக உற்பத்தியில் பெரும்பகுதி எஃகுக்குள் கலந்தே போய்விடுகிறது.

அத்திப்பட்டில் 1994இல் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் கட்டம் 210 மெகாவாட் அலகுகளைக் கொண்டது. இவ்வகைக் கொதிகலனிலிருந்து விசையாழிக்குப் போகும் நீராவி சுமார் 540 பாகை சூடானது. அந்தச் சூட்டில் சாதாரணக் கார்பன் எஃகுக் குழாய், அழுத்தம் தாங்காமல் வருடக் கணக்கில் மெல்ல மெல்ல நீண்டு கடைசியில் பிளக்கும். இரண்டேகால் விழுக்காடு குரோமியமும் ஒரு விழுக்காடு மாலிப்டினமும் சேர்ந்தால் அந்த நீட்சி வெகுவாகக் குறைகிறது. மாலிப்டின அணு இரும்பணுவைவிடப் பெரியது, எளிதில் நகராது. அடுக்கின் நடுவே அமர்ந்து மற்றவற்றையும் நகரவிடாது. கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையின் கலன்களுக்கு 316 வகை எஃகைத் தேர்ந்ததற்கும் இந்தச் சூடு தாங்கும் குணம் ஒரு காரணம்.

உப்பின் கதை வேறு. எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் குரோமிய ஆக்சைடுப் படலம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. அது படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்து உள்ளே குழி தோண்டும். மேலே பளபளப்பு மாறாது, அடியில் தகடு ஓட்டையாகியிருக்கும். குழியின் வாயிலேயே மீண்டும் படலம் உண்டாக உதவுவது மாலிப்டினம். இந்த எதிர்ப்பை அளக்கப் பொறியாளர்கள் ஒரு கூட்டல் வைத்திருக்கிறார்கள்: குரோமிய விழுக்காடு, மாலிப்டின விழுக்காட்டின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு. 304க்கு இது 18 அல்லது 19 வரும், 316க்கு ஏறத்தாழ 24, சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகுக்கு 40க்கு மேல். 2010 முதல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் இருக்கும் மீஞ்சூர் ஆலை போன்றவற்றின் உயரழுத்தக் குழாய்களுக்கு 40க்கு மேற்பட்ட எஃகுதான் உகந்தது. 316கூட அங்கே நிற்காது. கடற்காற்று மட்டும் படும் காசிமேட்டு மாடிக் கைப்பிடிக்கு 316 போதும். அங்கே 202ஐ மாட்டிவிட்டு, எவர்சில்வரே துருப்பிடிக்கிறது என்று உலோகத்தைப் பழிப்பது நியாயமில்லை.

மூன்றாவது பயன்தான் என் வாதத்துக்கு ஆணிவேர். மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய சென்னை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இன்று ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைக் கையாளும் திறன் கொண்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 எரிபொருள் கட்டாயமானபோது, டீசலில் கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. கந்தகத்தைப் பிரிக்கும் வேலையைச் செய்வது, அலுமினா உருளைகளில் ஏற்றிய கோபால்ட்–மாலிப்டினம் அல்லது நிக்கல்–மாலிப்டின வினையூக்கி. உலையில் இட்டதும் அதற்கு முதலில் கந்தகத்தையே ஊட்டுகிறார்கள். ஆக்சைடு மாறி மாலிப்டினம் டைசல்பைடு ஆகிறது. தருமபுரிப் பாறையில் கிடக்கும் மாலிப்டினைட்டும் வேதியியல்படி அதே சேர்மம்தான். துறைமுக டிரெய்லர்களின் மூட்டுகளில் வைக்கும் கறுப்பு கிரீசிலும் இருப்பது அதுவே. அதன் படலங்களின் விளிம்பில் கந்தகம் இல்லாத காலியிடங்கள் டீசல் மூலக்கூற்றின் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கின்றன; ஹைட்ரஜன் வந்து அதை ஹைட்ரஜன் சல்பைடாக்கி வெளியேற்ற, இடம் மீண்டும் காலியாகிறது. சில ஆண்டுகளில் கரியும் எண்ணெயின் வனேடியமும் படிந்து வினையூக்கி களைத்துவிடும். பிறகு அது அபாயக் கழிவு. காற்றுப் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே போக வேண்டும்.

இப்போது ஒப்பிடுவோம். இந்தியச் சுரங்கப் பணியகத்தின் கணக்கில் நாட்டின் மாலிப்டினத் தாது சுமார் 1.9 கோடி டன். அதில் பாதிக்குமேல் தமிழ்நாட்டில். ஆனால் அத்தனை பாறையிலும் உள்ள மாலிப்டினைட் சுமார் 12,600 டன்தான், அதாவது 0.07 விழுக்காடு. அதிலிருக்கும் உலோகம் 7,500 டன் அளவு. உலகம் பத்துப் பன்னிரண்டு நாளில் எடுத்துவிடும் அளவு இது. புதிய வினையூக்கியிலோ மாலிப்டின ஆக்சைடு மட்டுமே 12 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும். பாறையை வெடிவைத்து உடைக்க வேண்டாம், வயலைக் கையகப்படுத்த வேண்டாம். வறுத்து, சோடாவில் கரைத்துப் பிரிக்கும் முறையும் உலகறிந்தது. மொத்த டன் கணக்கில் பாறை பெரிதாகத் தோன்றலாம். ஒரு டன்னிலிருந்து எவ்வளவு உலோகம் கிடைக்கும் என்று கேட்டால் பேச்சே மாறிவிடும்.

முக்கியக் கனிமங்கள் முப்பதில் ஒன்றாக 2023இல் மாலிப்டினம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஏலத்துக்கு வந்த முதல் 20 வட்டாரங்களில் தமிழ்நாட்டின் மாலிப்டின வட்டாரங்களும் இருந்தன. அந்த இருபதில் 13 போதிய ஏலதாரர் இன்றி ரத்தாயின. வியப்பில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. பேச்செல்லாம் மின்னணுக் கழிவும் பேட்டரியும்தான்.

மணலி வினையூக்கி ஒவ்வொரு முறை மாற்றப்படும்போதும் எவ்வளவு மாலிப்டினம் வெளியே போகிறது, எவ்வளவு உலோகமாகத் திரும்புகிறது என்பது ஆண்டறிக்கையில் வர வேண்டும். காயலான் கடைகளுக்கும் இதில் பங்குண்டு. 202உடன் சேர்த்து உருக்கிய 316இன் மாலிப்டினம் நீர்த்து, யாருக்கும் பயனின்றிப் போகிறது. தகட்டில் ஒரு சொட்டுச் சோதனைக் கரைசலை விட்டு மின்கலத்தின் சிறு மின்னோட்டம் கொடுத்தால் 316இல் நிறம் மாறும், 304இல் மாறாது. பெரிய வியாபாரிகளிடம் உள்ள எக்ஸ் கதிர்க் கருவி கைக்கு எட்டாத வண்ணாரப்பேட்டைச் சிறு கடைகளுக்கு, தொழில்துறை முதலில் தர வேண்டியது இந்தச் சோதனைப் பெட்டிதான்.