லூக் களத்து டயர்: 1937இன் ஒரு விபத்தும் அதன் காரணங்களும்

அமேலியா இயர்ஹார்ட் பற்றிய நூல்களில் 1937 மார்ச் 20 அன்று நடந்த விபத்துக்குப் பெரும்பாலும் ஒரு பத்தியே கிடைக்கிறது. ஹொனலுலுவில் டயர் வெடித்தது, விமானம் கவிழாமல் தப்பியது, பயணம் தள்ளிப்போனது என்று அது முடிந்துவிடும். டயர் வெடித்ததா என்ற கேள்வியே தீர்க்கப்படவில்லை என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இயர்ஹார்ட் ஓட்டியது லாக்ஹீட் எலெக்ட்ரா. பத்துப் பயணிகளுக்காக வடிவமைக்கப்பட்ட, இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய விமானம். உலகைச் சுற்றிவரும் பயணத்துக்காக இருக்கைகள் இருந்த இடத்தில் எரிபொருள் தொட்டிகள் வைக்கப்பட்டன. மேற்கு நோக்கிய அப்பயணத்தின் முதற்கட்டமாக ஓக்லந்திலிருந்து ஹவாய்க்கு விமானம் வந்து சேர்ந்தது. பின்னர் பெர்ல் துறைமுகத்தின் நடுவிலிருக்கும் ஃபோர்ட் தீவின் லூக் களத்துக்கு அது மாற்றப்பட்டது. தளமிட்ட நீண்ட ஓடுபாதை அங்கேதான் இருந்தது. அடுத்த இலக்கு ஹவ்லண்ட் என்னும் சிறு தீவு, ஏறத்தாழ 1,900 மைல். அதற்காக நிரப்பப்பட்ட எரிபொருள் சுமார் 900 அமெரிக்கக் கேலன். அதன் எடை மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல்.

உடன் இருந்தவர்கள் இருவர்: கப்பல் தலைவரும் வானொலி அறிந்தவருமான ஹாரி மானிங், வழிகாட்டி ஃப்ரெட் நூனன். ஓடுபாதையில் வேகம் கூடிக்கொண்டிருந்தபோது விமானம் வலப்புறம் சாய்ந்து இழுத்தது. இயர்ஹார்ட் இடது எஞ்சினின் விசையைக் குறைத்தார். உடனே விமானம் இடப்புறம் திரும்பி, விமானிகள் ‘கிரவுண்ட் லூப்’ என்றழைக்கும் சுழலில் சிக்கியது. சக்கரத் தாங்கிகள் முறிந்தன. எலெக்ட்ரா வயிற்றால் உராய்ந்து, தீப்பொறி பறக்கச் சறுக்கி நின்றது. இயர்ஹார்ட் மின் இணைப்புகளை அணைத்தார். தீப்பிடிக்கவில்லை, மூவரும் காயமின்றி இறங்கினர்.

பார்த்தவர்கள் சிலர் டயர் வெடித்தது என்றனர். அது நம்பத்தக்க விளக்கமே. வலது டயர் காற்றிழந்தால் அப்பக்கம் இழுவை கூடும். விமானம் வலப்புறம்தான் இழுக்கும். எலெக்ட்ரா வால் சக்கரம் கொண்ட விமானம். அத்தகையவற்றில் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை திரும்பத் தொடங்கினால் திருப்பம் தானே வளரும். ஆனால் இதே தர்க்கம் எதிர்த்திசையிலும் செல்லும். சுழலும்போது சக்கரத்தின்மேல் விழும் பக்கவாட்டு விசையே டயரைக் கிழித்துவிடக் கூடியது. ஆகவே விபத்துக்குப் பின் கிழிந்த டயர் கிடந்தாலும், அது காரணமா விளைவா என்பதை டயர் சொல்லாது.

பயணத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராயிருந்த பால் மான்ட்ஸ், எஞ்சின் விசைகளைக் கூட்டிக் குறைத்துத் திசை திருத்தும் பழக்கத்தையே குற்றம் சாட்டினார். இயர்ஹார்ட், மறைவுக்குப்பின் 1937இலேயே வெளியான நூலில், தடங்களை ஆராய்ந்தபின் டயர் முதற்காரணமாக இல்லாமலிருக்கலாம் என்றும், வலது அதிர்வுதாங்கி விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றும் எழுதினார். தமக்கு வசதியான விளக்கத்தை அவரே தளர்த்தினார் என்பது கவனிக்கத்தக்கது. இராணுவ விமானப் படையின் விசாரணைக் குழு, கட்டுப்பாடற்ற சுழலால் சக்கரத் தாங்கி முறிந்தது என்று மட்டும் முடிவு செய்தது. சுழலுக்கான காரணத்தை நிறுவப் போதிய சான்று இல்லை என்றது. அக்குழுவின் அடக்கம் பிற்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர்களிடம் இல்லை. அவரைப் போற்றுவோர் டயரையும், அவர் திறமையை ஐயுறுவோர் திராட்டிலைப் பிடித்த கையையும் தேர்ந்தெடுத்தனர். அந்தப் பிளவில் பெண் விமானி என்ற பார்வைக்குப் பங்கில்லை என்று சொல்வது கடினம்.

விளைவுகளில் ஐயமில்லை. விமானம் கப்பலேறி பர்பாங்க் தொழிற்சாலைக்குத் திரும்பியது. பழுது பார்க்கப்பட்ட இரண்டு மாதங்களில் பருவம் மாறியது. பயணத்திசை கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. மானிங் விடுப்பு முடிந்ததெனக் கூறி விலகினார். வானொலியில் தேர்ந்த ஒரே மனிதர் அவர்தான். முதல் திட்டத்தில் தொடக்கத்திலேயே வந்திருக்கவேண்டிய ஹவ்லண்ட், இப்போது களைத்துப்போன இருவருக்கு இறுதிக்கட்டத்தில் வந்தது. ஜூலை 2 அன்று லேயிலிருந்து அத்தீவை நோக்கிப் புறப்பட்டவர்கள் சென்று சேரவில்லை. மார்ச் விபத்தே மரணத்துக்குக் காரணம் என்பது மிகைக் கூற்று. ஆனால் அந்தக் காலையில் விமானம் எழும்பியிருந்தால், ஹவ்லண்டைத் தேடும்போது மானிங் உள்ளே இருந்திருப்பார்.

திருப்பிய பாதை அவர்களை இந்தியாவின் பருவமழைக்குள்ளும் கொண்டுவந்தது. ஜூன் 15 அன்று கராச்சி, 17 அன்று கல்கத்தா. மறுநாள் காலை டம்டம் களம் மழையில் ஊறிக் கிடந்தது. காத்திருந்தால் மேலும் மழை வரும் என்பதால் எரிபொருள் நிரம்பிய விமானத்தைக் கிளப்பினார். ஒட்டும் சேறு சக்கரங்களை நெடுநேரம் விடவில்லை. களத்தின் ஓரத்து மரங்களை மயிரிழையில் கடந்து, எலெக்ட்ரா அக்யாபை நோக்கித் திரும்பியது.