இராக்காலப் பறப்பும் மலைத்தொடரும்

விமானப் பறப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையும் தூரத்தையுமே அளவுகோலாகக் கொள்வர். முதலிற் கடலைக் கடந்தவர் யார், மிக விரைவாகப் பறந்தவர் யார் என்பனவே பாடநூல்களில் இடம்பெறுகின்றன. ஒற்றை இயந்திரமுடைய சிறு விமானமொன்றை இரவிலே மலைகளுக்கிடையே செலுத்த மனிதன் யாங்ஙனம் கற்றான் என்னும் வினா அத்துணைக் கவர்ச்சியுடையதன்று. ஆயினும் அவ்வினாவுக்குரிய விடை வியப்புக்குரியது. தன் கண்ணையும் உடலுணர்ச்சியையும் நம்பாதிருக்க மனிதன் பயின்ற வரலாறே அது. அப்பாடத்தின் பெரும்பகுதியைக் கற்றவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் தபால் விமானிகள். அதற்குரிய விலையைக் கொடுத்தவர்களும் அவர்களே.

1918ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க் ஆகிய நகரங்களுக்கிடையே விமானத் தபாற்சேவை தொடங்கிற்று. 1920 செப்ரெம்பரில் அது கண்டத்தின் குறுக்கே சான்பிரான்சிஸ்கோ வரை நீண்டது. முதல் உலகப்போரில் எஞ்சிய டி ஹவிலண்ட் நான்கு என்னும் ஈரிறக்கை விமானங்களே இச்சேவையிற் பெரிதும் பயன்பட்டன. திறந்த இருக்கையில் விமானி தனியே அமர்ந்து, ஆற்றையும் ரயிற்பாதையையும் ஊர்களையும் நோக்கி வழியறிந்து சென்றார். பொழுது சாய்ந்ததும் இவ்வடையாளங்கள் மறைந்துவிடும். எனவே மாலையில் தபாற்பைகள் ரயிலில் ஏற்றப்பட்டு, விடிந்தபின் மீண்டும் வேறொரு விமானத்துக்கு மாற்றப்பட்டன. இவ்வாறு பகலில் ஈட்டிய நேரத்தின் பெரும்பகுதியை இரவு விழுங்கிற்று. இரவிற் பறக்க முடியாதெனின் விமானத் தபாலுக்கே பொருளில்லை என்பதைச் சேவைக்குப் பொறுப்பாயிருந்த ஒட்டோ பிறேகர் நன்குணர்ந்திருந்தார்.

பிறேகர் கண்டிப்பு மிக்கவர், தாம் விமானியல்லர். காலநிலை எதுவாயினும் தபால் குறித்த நேரத்திற் புறப்படவேண்டும் என்பது அவர் கட்டளை. 1919 யூலையில் மூடுபனியிற் பறக்க மறுத்த விமானிகள் வேலை நீக்கப்பட்டபோது ஏனையோரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். இறுதியில் ஏற்பட்ட உடன்பாடு நோக்கற்பாலது. பறக்கத்தக்க நிலை உண்டா என்பதில் ஐயம் எழுந்தால், களத்தின் பொறுப்பாளர் தாமே முதலில் மேலெழுந்து பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். அலுவலகத்திலிருந்து ஆணையிடுவோர் கூதிர்க்காற்றை முகத்தில் வாங்கவேண்டுமென விதித்த அவ்வுடன்பாட்டில் நீதியும் நகைச்சுவையும் ஒருங்கே இருந்தன.

கண்டம் கடந்த வழியில் விமானிகள் மிக அஞ்சியது வானளாவிய றொக்கி மலைகளை மட்டுமன்று. நியூயோர்க்குக்கு மேற்கே, பென்சில்வேனியாவில் அமைந்த அலிகெனி மலைகளின் முகடுகள் பல மூவாயிரம் அடியையும் எட்டாதவை. ஆயினும் அவை ஒன்றன்பின் ஒன்றாக, உழவன் எழுப்பிய வரப்புக்கள் போல நீண்டு கிடக்கின்றன. பள்ளத்தாக்குகளில் மூடுபனி தேங்கும். முகடுகளின்மீது முகில் படியும். கீழே இறங்கினால் இடம் தெரியாது. மேலே ஏறினால் நிலம் தெரியாது. விமானிகள் அப்பகுதியை நரக வழி என்றே அழைத்தனர். உயர்ந்த மலையை மனிதன் எச்சரிக்கையுடன் அணுகுகிறான். தாழ்ந்த மலையை அவ்வாறு அணுகுவதில்லை என்பதும் ஒரு காரணமாகலாம்.

1921ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஆட்சி மாறவிருந்தது. அதற்குமுன் இரவுப் பறப்பு இயலும் என்பதை மெய்ப்பிக்கப் பிறேகர் விழைந்தார். பெப்ரவரி 22ஆந் திகதி கிழக்குக் கரையிலிருந்து இரண்டும் மேற்குக் கரையிலிருந்து இரண்டுமாக நான்கு விமானங்கள் புறப்பட்டன. மேற்கு நோக்கியவற்றுள் ஒன்று பென்சில்வேனியாவில் இறங்க நேர்ந்தது. மற்றையது சிக்காகோவிலே பனிப்புயலால் நின்றது. கிழக்கு நோக்கியவற்றுள் ஒன்று நெவாடா மாநிலத்தின் எல்கோ என்னுமிடத்தில் வீழ்ந்து, அதன் விமானியான வில்லியம் லூயிஸ் உயிரிழந்தார். எஞ்சிய தபால் கைமாறிக் கைமாறி நெபிறாஸ்கா மாநிலத்தின் நோர்த் பிளாற் என்னும் ஊரை அடைந்தபோது இரவாகிவிட்டது. அங்கிருந்து ஒமகா வரை அதனைக் கொண்டுசெல்லவேண்டியவர் ஜக் நைற். வழியில் ஊர்மக்களும் தபால் ஊழியரும் மூட்டிய தீக்குவியல்கள் அவருக்கு வழிகாட்டின. ஒமகாவிலே அவரிடமிருந்து தபாலைப் பெறவேண்டிய விமானி வந்திலர். அதற்கப்பால் நைற் ஒருபோதும் பறந்ததில்லை. சாலை வரைபடமொன்றை வைத்துக்கொண்டு இருளிலே மேலெழுந்த அவர், அயோவா நகரில் இறங்கி எரிபொருள் நிரப்பி, காலையிற் சிக்காகோ சேர்ந்தார். தபால் 33 மணி 20 நிமிடத்தில் கண்டத்தைக் கடந்துவிட்டது. ரயிலில் அதற்கு நான்கு நாட்களுக்கு மேலாகும். பத்திரிகைகள் நைற்றை வீரராகப் போற்றின. காங்கிரஸ் மன்றம் விமானத் தபாலுக்குப் பணம் ஒதுக்கிற்று. நைற் இருளிற் கடந்தது பெரும்பாலும் சமவெளியே என்பதை அக்களிப்பிற் பலர் எண்ணவில்லை.

தபாற்பகுதியினர் அதை மறக்கவில்லை. 1923இல் வழிநெடுக விளக்கு நாட்டும் வேலை தொடங்கியபோது, அவர்கள் முதலில் தெரிந்தெடுத்தது சிக்காகோவுக்கும் வயோமிங் மாநிலத்தின் செயென் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 900 மைல் சமவெளியையே. இத்தெரிவு மிக நுட்பமானது. காலையில் நியூயோர்க்கிலிருந்து புறப்படும் தபால் அலிகெனி மலைகளைப் பகலிற் கடந்து, இருட்டுமுன் சிக்காகோவை அடையும். மேற்கிலிருந்து வருவதும் றொக்கி மலைகளைப் பகலிலேயே கடந்துவிடும். இரவுக்கு எஞ்சுவது தட்டையான நிலம் மட்டுமே. கோபுரங்களிற் சுழல்விளக்குகள் எரிந்தன. இடையிடையே மூன்று மைலுக்கு ஒன்றாக வாயுவிளக்குகள் மின்னின. அவசரத்தில் இறங்குவதற்குக் களங்களும் அமைக்கப்பட்டன. 1924 யூலை முதலாந் திகதி ஒழுங்கான இரவுச்சேவை தொடங்கிற்று. மலையை வெல்வதாகப் பறைசாற்றாது, மலையையும் இருளையும் ஒருங்கே சந்திப்பதைத் தவிர்த்த இவ்வேற்பாடே அக்காலத்து அறிவுடைமையின் சிகரம் எனலாம்.

ஆனால் வணிகர் உலகம் பொறுத்திருக்கவில்லை. நியூயோர்க்கில் மாலையில் இட்ட கடிதம் காலையிற் சிக்காகோவில் இருக்கவேண்டும் என வங்கிகள் வேண்டின. எனவே அலிகெனி முகடுகளின்மீதும் விளக்குகள் ஏற்றப்பட்டு, 1925 யூலை முதலாந் திகதி அவ்வழியிலும் இரவுச்சேவை தொடங்கிற்று. மூன்று திங்கள் கழிந்தன. ஒக்ரோபர் முதலாந் திகதி இரவு சாள்ஸ் ஏம்ஸ் என்னும் விமானி நியூ ஜேர்சியிலிருந்து பென்சில்வேனியாவின் பெல்போன்ற் களத்தை நோக்கிப் புறப்பட்டார். அங்கே வந்து சேர்ந்திலர். பெருங்கூட்டமாகத் தேடியும் பத்து நாட்களுக்குப் பின்னரே விமானமும் உடலும் அகப்பட்டன. அவர் சேரவேண்டிய களத்துக்குச் சில மைல் தூரத்திலேயே, நிற்றனி மலையின் உச்சியை அண்மித்த சரிவில் விமானம் மோதியிருந்தது. 1918 தொடக்கம் 1927 வரை இச்சேவையில் உயிர்நீத்த விமானிகள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர்.

விளக்குகள் வழியைக் காட்டின, மலையைக் காட்டவில்லை. இருளிற் பார்வை குறைகிறது என்று மட்டும் கூறுதல் போதாது. பார்வை பொய்ச்சான்றும் பகர்கிறது. விழித்திரையின் நடுப்பகுதி மங்கிய ஒளியில் ஏறத்தாழக் குருடாகிவிடும். ஆதலால் நேரே நோக்கப்படும் பொருளே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இருளுக்குக் கண் முற்றாகப் பழக அரைமணி நேரம் வரை செல்லும். ஐயாயிரம் அடிக்கு மேற் காற்று ஐதாவதால் இரவுப்பார்வை மேலும் மங்கத் தொடங்கும். நிலவில்லா இரவில் ஒளியற்ற மலைச்சரிவும் ஒளியற்ற வானும் ஒன்றாகவே தோன்றும். தொலைவிலுள்ள ஊரின் விளக்குகள் திடீரென அவிந்தனபோல் மறைந்தால், இடையே மலை நிற்கிறது என்று பொருள். இவ்வறிகுறியை அனுபவமுள்ள விமானிகள் இளையோருக்குச் சொல்லிவைப்பதுண்டு. விளக்குகளே இல்லாத திசையில் அவ்வெச்சரிக்கையும் இல்லை.

கண்ணைவிடக் கொடிய வஞ்சகன் செவி. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு விமானம் திரும்பத் தொடங்குவதை உணரும்; ஒரே வேகத்தில் தொடர்ந்து திரும்புவதை உணராது. 1926இல் சான்பிரான்சிஸ்கோவிலே வில்லியம் ஒக்கர் என்னும் படைவிமானி, மருத்துவர் டேவிட் மயேர்ஸ் முன்னிலையில் கண் கட்டப்பட்டுச் சுழல்நாற்காலியில் இருத்தப்பட்டார். நாற்காலி சுழன்றுகொண்டிருக்கையில் நின்றுவிட்டதென்றும், நின்றபோது எதிர்த்திசையிற் சுழல்கிறதென்றும் அவர் உறுதியாகக் கூறினார். பல்லாண்டு பறந்த ஒருவருக்கே இந்நிலை. முகிலிலோ இருளிலோ சிக்கிய விமானி, தாம் நேரே பறப்பதாக நம்பியபடியே சுழன்று வீழ்வதன் மருமம் இதனால் துலங்கிற்று. திருப்பத்தைக் காட்டும் கருவி அதற்கு முன்னரே இருந்தது. தம் திறமையை உடலுணர்ச்சியால் அளந்த பழைய விமானிகள் அதனை நம்ப மறுத்தனர். ஒக்கர் அவர்களையும் அந்நாற்காலியில் இருத்தியே வழிக்குக் கொண்டுவந்தார்.

1929 செப்ரெம்பர் 24ஆந் திகதி நியூயோர்க்கின் மிச்சல் களத்தில் ஜேம்ஸ் டூலிற்றில், மூடப்பட்ட இருக்கையிலிருந்து வெளியே எதனையும் பாராது கருவிகளைக்கொண்டே மேலெழுந்து, சுற்றிவந்து, இறங்கிக் காட்டினார். ஸ்பெரி அமைத்த செயற்கை அடிவானமும் கொல்ஸ்மன் அமைத்த நுண்ணிய உயரமானியும் அவர் விமானத்தில் இருந்தன. பழைய உயரமானி உண்மையில் ஒரு பாரமானியே. வளியமுக்கம் பத்து மில்லிபார் வீழ்ந்த இடத்துள் விமானம் நுழைந்தால், அது மெய்யான உயரத்தைவிட முந்நூறு அடி வரை கூட்டிக் காட்டும். கடுங்குளிரிலும் அவ்வாறே மிகைபடக் காட்டும். கொல்ஸ்மனின் கருவியில், தரையிலிருந்து அறிவிக்கப்படும் அமுக்கத்துக்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ள முடிந்தது. ஆயினும் உயரமானி கடல்மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்லுமேயன்றி, முன்னே நிற்கும் மலையின் உயரத்தைச் சொல்லாது. அதனை வரைபடத்திலிருந்து விமானியே அறிந்திருக்கவேண்டும். தான் வரைபடத்தில் எங்கே இருக்கிறான் என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

அந்த இரண்டாவது அறிவு தவறினால் நேர்வது யாது என்பதை இலங்கையும் கண்டது. 1974 திசெம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பு நோக்கி இறங்கிய டச்சு நிறுவனமொன்றின் டி.சி. எட்டு விமானம், மஸ்கெலியாப் பகுதியில் ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அது சிறு விமானமன்று, கருவிகளுக்கும் குறைவில்லை. விமான நிலையத்திலிருந்து தாம் இருக்கும் தூரத்தைப் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணம் எனப்பட்டது. அவ்வாண்டுகளிலேயே, தரை நெருங்குவதை ஒலியெழுப்பி உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி பெரிய விமானங்களில் கட்டாயமாக்கப்படலாயிற்று. பின்னர் உலகின் நிலவடிவம் முழுவதையும் நினைவிற்கொண்டு, முன்னுள்ள மலையையே அறிவிக்கும் கருவியும் தோன்றியது. பெரிய பயணிகள் விமானங்கள் மலையில் மோதுவது இதனால் மிக அருகிற்று.

சிறு விமானங்களின் நிலை வேறு. அவற்றுட் பலவற்றுக்கு அக்கருவியைச் சட்டம் விதிக்கவில்லை. அவற்றைச் செலுத்துவோர் பெரும்பாலும் துணைவிமானியின்றித் தனியே செலுத்துவர். 2011 நவம்பர் 23ஆந் திகதி மாலை, அரிசோனா மாநிலத்தின் மேசா நகரிலிருந்து இரட்டை இயந்திரச் சிறு விமானமொன்று மூன்று குழந்தைகள் உட்பட அறுவருடன் புறப்பட்டது. புயலில்லை, முகிலில்லை, நிலவும் இல்லை. பீனிக்ஸ் நகரின் ஒளிவெள்ளம் பின்னே தங்கிற்று; முன்னே விளக்கற்ற பாலைவனம். அயலிலுள்ள பெரிய விமானத்தளத்துக்கென ஒதுக்கிய வான்பரப்புள் அனுமதியின்றி ஏறலாகாது என்பதால் விமானம் 4,500 அடி அளவில் நிலைநிறுத்தப்பட்டு, சேரவேண்டிய ஊரை நோக்கி நேர்கோட்டிற் செலுத்தப்பட்டது. அக்கோட்டில் ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த சூப்பர்ஸ்டிஷன் மலை நின்றது. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே விமானம் அதன் பாறைமுகத்தில் மோதிற்று. அந்த விமானி அப்பகுதிக்குப் புதியவரல்லர் என்பதையும், தரையெச்சரிக்கைக் கருவி அவ்விமானத்தில் இருக்கவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை குறிப்பிடுகின்றது.