வாசலோடு நின்றுவிடும் மானியம்

2025 பிப்ரவரியில், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மாணவியை வன்கொடுமை செய்ததாக மூன்று ஆசிரியர்கள் போக்சோ சட்டத்தில் கைதானார்கள். அது எப்படி வெளியே வந்தது என்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிட்டோம். பிள்ளை பல நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று கேட்கத் தலைமையாசிரியர் வீட்டுக்கே போனார். அப்போதுதான் உண்மை தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது கேமராவோ, சுவரில் எழுதி வைக்கும் 1098 எண்ணோ இல்லை, தேடிப் போன ஒரு மனிதர்.

பள்ளிப் பாதுகாப்புக்கு அரசு கொடுக்கும் பணத்தைப் பற்றிப் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. நம் பிள்ளைகளின் பள்ளிக்கு மானியம் வந்த கதை நூற்றி முப்பது வருடப் பழையது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி எழுந்த விவாதத்துக்குப் பின், 1893இல் சென்னை மாகாண அரசு கல்வி ஆணை ஒன்றைப் போட்டது. ‘பஞ்சமர்’ பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் என்று அதில் நிறைய இருந்தது. பஞ்சமர் கல்வியின் மாக்னா கார்ட்டா என்று அதைப் புகழ்ந்தார்கள். புகழட்டும். ஆனால் அந்தப் பணம் சேரிப் பள்ளிக்குத்தான் போனது. ஊர்ப் பள்ளியின் கதவு அப்படியே சாத்திக் கிடந்தது.

1920க்குப் பிறகு தொழிலாளர் ஆணையரின் துறை நம் மக்களுக்கென்று தனிப் பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் ஸ்கூல்’ என்றார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூதாதை அவைதான். ஊர்ப் பள்ளியில் நம் பிள்ளை உட்கார்ந்தால் சாதி இந்துக்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், கலவரம் வரும், அடி விழும். அன்றைய அரசுக்குத் தெரிந்த ‘பாதுகாப்பு’த் திட்டம் ஒன்றுதான்: அடிக்கிறவனை விட்டுவிடு, அடிபடுகிறவனைத் தள்ளி வை. அந்தப் பள்ளிகளில் படித்துத்தான் நம் பாட்டன் பூட்டன் பலர் எழுத்தறிந்தார்கள் என்பதையும் மறக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மானியத்தோடு நிபந்தனையைக் கட்டியது அரசியலமைப்புச் சட்டம். அரசு நடத்தும் அல்லது அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் சாதியைக் காரணம் காட்டி யாரையும் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது பிரிவு 29(2). வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியவர்கள் நாம் இல்லை. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அதைக் காட்டித்தான் வகுப்புவாரி அரசாணையை உடைத்தார்கள். இன்னொன்றையும் நம் பகுதிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்று 1953இல் திட்டம் கொண்டுவந்த ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில். மறு வருடம் காமராஜர் அதைக் கைவிட்டார்.

கதவு திறந்தது. உள்ளே போன பிள்ளைக்கு என்ன நடந்தது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்தவர்களே அரிவாளோடு ஒரு தலித் மாணவன் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறு, நெற்றித் திலகம் என்று நாடே அதைப் பற்றிக் கத்தியது. நமக்கு முக்கியமான பரிந்துரை அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது குழு. சாதிப் பாகுபாடு, பாலியல் தொல்லை, போதை, ராகிங் இவற்றைக் கவனிப்பதே அவருக்கு வேலை. பாடம் நடத்தும் சுமை கிடையாது. அதாவது, வராத பிள்ளையைத் தேடிப் போக ஓர் ஆள். கயிற்றைத் தடை செய்யப் பணம் வேண்டாம், சுற்றறிக்கை போதும். ஆள் வைக்க மாதாமாதம் சம்பளம் வேண்டும்.

இப்போது வரும் பணத்தைப் பாருங்கள். ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு போடும் சமக்ர சிக்ஷாவில் பாதுகாப்புக்குத் தனித் தலைப்பு உண்டு: பள்ளி ஒன்றுக்கு 2,000 ரூபாய் வரை. ஒரு பலகை எழுதி மாட்டினால் தீர்ந்துவிடும். ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகள் இருக்கின்றன. சிப்காட்டுக்கு வேலை தேடி வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பலகை எந்த மொழியில் இருக்கிறது? 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் மானியம். சாக்பீஸ், கரண்ட் பில், கழிப்பறைச் சுத்தம் எல்லாம் அதற்குள்தான். அதிலும் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25க்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும், சம்பளம் நின்று தவித்தது சிறப்பாசிரியர்கள்.

சரி, நம் பணம் என்று ஒன்று இருக்கிறதே? 1979-80இல் தொடங்கிய சிறப்புக்கூறுத் திட்டம். மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்க வேண்டும்; 2011 கணக்கில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். இதற்குச் சட்டம் வர 2024 ஆனது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் போனால் கர்நாடகத்தில் 2013லேயே சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தில் 7(டி) என்று ஓர் ஓட்டை. பொதுச் செலவையும் தலித் செலவாகக் கணக்கு எழுதலாம். போராடி 2023இல் அதை நீக்கினார்கள். அதே வருடம் சுமார் 11,000 கோடியை அரசின் பொது உத்தரவாதத் திட்டங்களுக்கு எடுத்தார்கள். சட்டம் இருந்தும் பணம் நழுவும் என்பதை எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஆகவே கல்லூரித் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்கள்தான். நம் தெரு அம்மாக்கள் யாராவது அதில் இருப்பார்கள். அவர்களோடு கூட்டத்துக்குப் போய், பாதுகாப்புத் தலைப்பில் வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது, நீண்ட நாள் வராத பிள்ளைகள் யார் யார், அவர்கள் வீட்டுக்குப் போனது யார் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சில் பதில் வந்தால் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதே கேள்விகளை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பதிலின் நகல் எங்களுக்கும் வேண்டும்.