வக்கீலம்மா பிறந்த கதை

கோர்ட் வழக்கை வைத்து ஒரு மர்ம நாவல் எழுத நினைப்பவருக்குத் திருவாடானையைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம். வாய்தாவுக்கு வரும் எதிரி, அவனைக் கூட்டி வரும் ஏட்டு, வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் வக்கீல் குமாஸ்தா, கூண்டேறும் சாட்சி எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பெஞ்சைத் தேய்த்தவர்களாக இருப்பது இதுபோன்ற தாலுகா ஊர்களில் சகஜம். டீக்கடையில் வக்கீலம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன், கோர்ட் வாசலை மிதித்ததும் "மேடம்" என்பான். கண்மாய்க் கரைத் தகராறோ பட்டா வில்லங்கமோ, வழக்கின் வேர் பத்தாம் வகுப்பில் விழுந்த ஓர் அடிதடிவரை போகும்.

இந்த ஊர் ஏற்கெனவே ஒரு கதை பார்த்த ஊர்தான். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி இங்குள்ள சிறையில் இருந்த சின்ன அண்ணாமலையை, மக்கள் திரண்டு வந்து சிறையை உடைத்து மீட்டார்கள். தமிழ்ப் பண்ணை பதிப்பகத்தை நடத்திய அதே சின்ன அண்ணாமலைதான். தம் நினைவுகளுக்கு அவர் வைத்த தலைப்பு 'சொன்னால் நம்பமாட்டீர்கள்'.

அந்த 1942-இல் சென்னை மாகாணத்தில் பெண் வக்கீல் என்பவர் மிகப் புதியவர். பி. ஆனந்தபாய் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவானது 1929-இல்தான். இன்று வார இதழைப் புரட்டினால் கறுப்புக் கோட்டு மாட்டிய கதாநாயகி கொலைப்பழி சுமந்த பள்ளித் தோழனுக்காக வாதாடுகிறாள். அவள் பிறந்தது எங்கே?

என் கணக்கில், 1879-இல். அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, யார் யார் வக்கீல் தொழில் செய்யலாம் என்று வரையறுக்கும் சட்டம் வந்தது. அதில் பெண் கூடாது என்று ஒரு வரி இல்லை. ஆனாலும் நீதிபதிகள் அதை ஆணுக்கான சட்டமாகவே படித்தார்கள். மற்றது, தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். ஆங்கிலத்தில் இருந்த கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தவர். பெண் கல்விக்காக நூல் எழுதியவர்.

அந்த நாவலில் பிரதாபனும் ஞானாம்பாளும் சிறு வயதில் ஒன்றாகப் படித்தவர்கள். பிறகு கணவன் மனைவி. பிரிந்து போன கணவன் விக்கிரமபுரியில் செருப்புத் தைப்பவனிடம் மாட்டிக்கொள்கிறான். கூலிக்குப் பதில் "உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன்" என்று வாய் தவறிச் சொன்னதுதான் குற்றம். எதைக் கொடுத்தாலும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பிரதாபனுக்கு வந்தது தண்டனை. ஆண் வேடத்தில் அதே ஊருக்கு வரும் ஞானாம்பாள் அரசனாகிறாள். வழக்கை மறுபடி எடுத்து, வாதியிடம் ஒரே கேள்வி: நான் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷமா? இல்லை என்று எவன் சொல்வான்? சந்தோஷம் என்றான். அப்படியானால் பேச்சு நிறைவேறிவிட்டது, எதிரி விடுதலை. குறுக்கு விசாரணையில் இதைவிடச் சுருக்கமான ஒன்றை நான் தமிழ் நாவலில் படித்ததில்லை. (சொந்தக் கணவன் வழக்கை மனைவியே விசாரிக்கலாமா என்று இன்றைக்கு எந்த ஜூனியரும் எழுந்து கேட்பார். அது வேறு.)

நிஜத்தில் வேடம் கைகொடுக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் 1892-இல் சட்டத் தேர்வு எழுதிய கார்னீலியா சொராப்ஜிக்கு உடனே பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகம் ஒப்பியது 1920-இல்தான். 1896-இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் அவர் எதிரிக்காகப் பேசினார், ஆனால் வக்கீல் என்ற பதிவு இல்லாமல். 1916-இல் ரெஜினா குஹா அந்தப் பதிவைக் கேட்டார். கல்கத்தாவில் ஐந்து நீதிபதிகள் கூடி மறுத்தார்கள். 1921-இல் சுதாம்சுபாலா ஹஸ்ராவைப் பாட்னா திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு அலகாபாத் சொராப்ஜியைச் சேர்த்துக்கொண்டது. ஒரே சட்டம், இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் என்ற கூத்துக்கு 1923-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது.

கதவு திறந்த பிறகுதான் நாவலாசிரியனுக்கு நிஜமான சிக்கல் கிடைத்தது. கட்சிக்காரன் தொழில்முறையில் சொன்னதை வக்கீல் அவன் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 132-ஆம் பிரிவு. தானே சாட்சியாக நேரும் என்று தெரிந்த வழக்கில் வக்காலத்து வாங்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இப்போது நம் கதாநாயகிக்கு வருவோம்: பத்தாம் வகுப்பில் விழுந்த அந்த அடிதடியை நேரில் பார்த்தவள் அவள். கட்சிக்காரனான பள்ளித் தோழன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். செத்தவனும் அதே வகுப்பு. வழக்குக் கட்டை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா? துப்பாக்கியும் துரத்தலும் இல்லாமல் முந்நூறு பக்கம் ஓடும்.

பெரும்பாலான மர்மக் கதைகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. வக்கீலைத் துப்பறிபவராக்கிக் காரில் ஏற்றிவிடுகிறார்கள். எழுத உட்காருகிறவர்கள் முதலில் தாலுகா கோர்ட்டில் ஒரு முற்பகல் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்கு வந்து ஞானாம்பாள் தீர்ப்புச் சொல்லும் அத்தியாயத்தையும் எடுத்துப் படித்துவிடுங்கள்.