புளியந்தீவின் இரண்டாவது வீடு

"ஒரு வீட்டை வாங்குங்க, வாடகைக்கு விடுங்க. அந்த வாடகையால லோனைக் கட்டுங்க. மறுகா இன்னொரு வீட்டை வாங்குங்க." யூடியூப்பில் இப்படிச் சொல்லித்தருகிற காணொளிகளை எங்களில் பலபேர் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றிக் கதைத்துக் கொண்டிருந்தபோது ஒரு கேள்வி எழும்பியது. எங்கட புளியந்தீவில் இரண்டாவது வீடு வைத்திருந்தவர்கள் அதை எதற்காகத் தேடினார்கள்? காசு எங்கிருந்து வந்தது? அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு என்ன நடந்தது?

முதலில் இடத்தைப் பார்ப்போம். புளியந்தீவு வாவி சூழ்ந்த சின்னத் தீவு. 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள், 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். பிரித்தானியர் காலத்தில் கோட்டை கச்சேரியானது. கச்சேரி, நீதிமன்றம், பள்ளிக்கூடங்கள் என்று ஒவ்வொன்றாக வர, இடமாற்றத்தில் உத்தியோகத்தர்களும் வந்தார்கள். இரண்டு மூன்று வருசம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு வீடு வாங்கத் தேவையில்லை, வாடகைக்குத்தான் வேண்டும். தீவோ வளராது. வாடகை வீட்டுக்கு இங்கே எப்போதும் ஆள் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த வீடுகளை வைத்திருந்தவர்கள் இன்றைய அர்த்தத்தில் முதலீட்டாளர்கள் இல்லை. மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு போகிற சொத்து. இங்கே நிலவிய முக்குவர் சட்டத்தில் பரம்பரைச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. அந்தச் சட்டத்தைப் பற்றி பிரிட்டோ எழுதிய நூல் 1876இல் வந்தது. அதே வருடத்து 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அந்த உரிமைமுறை நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. வழக்கம் அதோடு முடிந்துவிடவில்லை, சீதன வீடாகத் தொடர்ந்தது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் செய்த ஆய்வில் இதை விரிவாகக் காணலாம். பெற்றோர் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுப்பார்கள். பிறகு பக்கத்தில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அது அடுத்த மகளுக்கு.

ஆகவே இரண்டாவது வீடு என்பது பெரும்பாலும் இரண்டாவது மகளின் வீடு. பிள்ளை சின்னவள் என்றால் அதுவரைக்கும் வீடு சும்மா கிடக்கத் தேவையில்லை, வாடகைக்கு விடலாம்.

காசும் வங்கியில் இருந்து மட்டும் வரவில்லை. அரச ஈட்டு வங்கி 1931இலேயே தொடங்கியது. ஆனால் ஈட்டுக்கடன் எடுக்கத் தெளிவான உறுதியும், கட்டி முடிக்கும் அளவு நிலையான வருமானமும் வேண்டும். எங்கட பக்கத்தில் வயல் படுவான்கரையில், வீடு எழுவான்கரையில். போடியார் குடும்பத்துக்கு வேளாண்மைக் காசு, உத்தியோகக் குடும்பத்துக்குச் சம்பளம், மற்ற ஆக்களுக்குச் சீட்டும் நகை அடகும். 1970களின் பிற்பகுதிக்குப் பிறகு மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய காசும் கல்லும் சீமெந்துமாக மாறியது. மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி முடிக்கவே பல தாய்மார் போனார்கள்.

வாடகைக்கு இருந்தவர்களின் கதை சட்டப் புத்தகத்தில்தான் தெரிகிறது. 1915இல் கிளாஸ்கோவில் வாடகை உயர்வை எதிர்த்துப் பெண்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு பிரித்தானியா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கைக்கு அது அடுத்த யுத்தத்தில் வந்தது. 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அந்த வருடமே 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. பிறகு 1948இன் சட்டம், அதன்பிறகு 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். நினைத்தபடி வாடகையைக் கூட்டவோ ஆளை எழுப்பவோ ஏலாது என்று இவை சொல்லின. ஆனால் ஒரு வாசலைத் திறந்தே வைத்தன. வீட்டுக்காரருக்கோ அவரது குடும்பத்தவருக்கோ, அதாவது வயதுவந்த மகளுக்கும்கூட, குடியிருக்க நியாயமாகத் தேவைப்பட்டால் வீட்டைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். கொழும்பில் இது ஒரு விதிவிலக்கு. வீடே மகளுக்கென்று கட்டப்படுகிற ஊரில் இதுதான் வழமை. வாடகைக்காரர் இருந்தது இன்னொருத்தியின் கல்யாணம் வரைக்கும்.

1973இல் வந்த வீட்டு உச்சவரம்புச் சட்டம் இன்னும் சுவாரசியமானது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன் கொண்டுவந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை, அவர்களில் தங்கியுள்ள பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டினால் வருவது. மிச்சமானவற்றை, அதில் குடியிருந்தவர்கள் வாங்கக் கேட்கலாம். கொழும்பில் வரிசை வரிசையாக வீடு வைத்திருந்தவர்களைக் குறிவைத்த சட்டம் இது. பிள்ளைக்கு ஒரு வீடு என்ற எங்கட ஊர்க் கணக்குக்குள் இது பெரிதாக இடிக்கவில்லை. கல்யாணம் முடித்த மகளுக்கு எழுதிய வீடு அவளது குடும்பக் கணக்கில் போய்விடும். பிள்ளைகளுக்கு வீடு தேடிய குடும்பத்தைச் சட்டம் தொடவில்லை, ஆனால் அந்த வீட்டில் இருந்த வாடகைக்காரருக்கும் அது எதையும் கொடுக்கவில்லை.

பிறகு வந்தவை எங்கட வீட்டுப் பெரியாக்கள் வாயில் கேட்டவை. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைத் தூக்கியது. யுத்தத்தில் படுவான்கரைச் சனம் பாலம் கடந்து நகருக்குள் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்து அலுவலகத்துக்கும் தங்குவதற்கும் வீடு தேடின. அவர்கள் கொடுத்த வாடகை ஆசிரியர் சம்பளத்தால் கட்டக்கூடியது இல்லை. வீட்டை வருமானமாகப் பார்க்கிற கண் இங்கே பரவலாகத் திறந்தது அப்போதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இனி அந்தக் காணொளிக் கணக்கைப் போட்டுப் பாருங்க. 50 இலட்சம் கடன், வருடத்துக்கு 15 வீத வட்டி என்று வைப்போம். வட்டி மட்டுமே மாதம் 62,500 ரூபாய். வீட்டை 30,000க்கு விட்டால் மிச்சத்தை யார் கட்டுவது? வட்டியும் ஒரே இடத்தில் நிற்காது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வாடகையால் லோன் கட்டலாம் என்பது வட்டி குறைந்த நாடுகளில் பிறந்த புத்திமதி. இங்கே மிச்சத்தை அம்மாவின் காப்பும், வெளிநாட்டில் இருக்கிற சாச்சியின் சம்பளமும்தான் கட்டுகின்றன.

பழைய முறையைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. வீடு இல்லாமல் மகளைக் கரைசேர்க்க ஏலாது என்ற பயத்தில்தான் அந்தச் சுவர்கள் எழும்பின. அந்தச் சுமையைச் சுமந்த பெண்களின் பெயர் உறுதியில் இருக்கிறது. வாடகைக்கு இருந்தவர்களின் பெயர் அதிலும் இல்லை. எங்களில் பாதிப்பேர் அறை வாடகை கொடுத்துப் படிக்கிறோம். அதனால் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டில் பழைய வாடகைப் பற்றுச்சீட்டோ உடன்படிக்கையோ கிடந்தால் எறிய வேண்டாம், ஒரு படம் எடுத்து வையுங்க. வாடகைக்கு வாழ்ந்தவர்களும் இந்தத் தீவின் சனம்தான் என்று காட்ட எங்களிடம் வேறு எழுத்து இல்லை.